‘கற்பிக்க இயலாதவர்’: ஒரு சட்டச் சொல்லின் முடிவு

சிறப்புக் கல்வியின் வரலாறு – 12

வயதுக்கும் ஆற்றலுக்கும் இயல்புக்கும் ஏற்ற கல்வியை எல்லாக் குழந்தைகளுக்கும் உறுதிசெய்த சட்டம் என்று இங்கிலாந்தின் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் போற்றப்படுகிறது. ஆனால் அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, பள்ளியில் கற்பிக்க இயலாதவர் என்று மருத்துவ ஆய்வில் தீர்மானிக்கப்பட்ட குழந்தைகளைக் கல்வித் துறையின் பொறுப்பிலிருந்து நீக்கி, மனக்குறைபாட்டுச் சட்டங்களின் கீழ் இயங்கிய அதிகாரிகளிடம் ஒப்படைக்க வழி வகுத்திருந்தது. கடலுக்கு அப்பால் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஐந்து வயதுக்குரிய மனவயதை எட்டாத குழந்தையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கலாம் என்றும், கற்பிக்கவும் பயிற்றவும் இயலாதவர் எனப் பள்ளி உளவியலாளர் சான்றளித்த குழந்தைக்குக் கட்டாயக் கல்வியிலிருந்து ‘விலக்கு’ அளிக்கலாம் என்றும் மாநிலப் பள்ளிச் சட்டம் கூறியது. விலக்கு என்ற சொல் சலுகைபோல ஒலித்தாலும், பெற்றோரிடம் அது பள்ளியின் கதவு அடைக்கப்பட்ட செய்தியாகவே வந்து சேர்ந்தது. அதன்பின் அவர்களுக்கு எஞ்சியவை வீட்டின் ஒரு மூலையும், ஊருக்கு வெளியே ஆயிரக்கணக்கானோரை அடைத்து வைத்திருந்த மாநிலக் காப்பகமும்தான்.

மனவயது என்பது பிரான்சில் பினேவும் சிமோனும் 1905-இல் வகுத்த அளவுகோலிலிருந்து வளர்ந்த கருத்து: ஒரு குழந்தை விடையளிக்கும் வினாக்கள் எந்த வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் விடையளிக்கக்கூடியவையோ, அந்த வயதே அதன் மனவயது. இந்த அளவுகோல் அமெரிக்காவில் வேரூன்றியபின், நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 50 முதல் 75 வரை உள்ளவர் ‘கற்பிக்கத்தக்கவர்’ என்றும், 25 முதல் 50 வரை உள்ளவர் ‘பயிற்றத்தக்கவர்’ என்றும், அதற்கும் கீழ்ப்பட்டவர் ‘காப்பில் வைக்கத்தக்கவர்’ என்றும் பிரிக்கும் வழக்கம் நிலைபெற்றது. முதல் வகையினருக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கப்பட்டன, இரண்டாம் வகையினருக்குச் சில இடங்களில் கைவேலை பழக்கப்பட்டது, மூன்றாம் வகையினருக்கு உணவும் படுக்கையும் போதும் என்று முடிவு செய்யப்பட்டது. குழந்தைகளைப் பற்றிய அறிவியல் உண்மையாக அன்று கருதப்பட்ட இந்தப் பகுப்பு, உண்மையில் கல்வி என்ற சொல்லுக்கு அக்காலம் கொடுத்திருந்த பொருளையே அளந்து காட்டியது; கல்வி என்றால் எழுத்தும் எண்ணும் மட்டுமே என்று கொண்டால், அவற்றை எட்டாத குழந்தை கல்விக்கு வெளியே நிற்பது தவிர்க்க முடியாததாகிறது. இச்சொல் சட்டப் புத்தகங்களிலிருந்து நீங்க வேண்டுமானால், அதற்கு முன்னரே எங்கோ ஓரிடத்தில், கற்க மாட்டார் என்று கைவிடப்பட்ட ஒருவர் எதையேனும் கற்றுக் காட்டியாக வேண்டியிருந்தது.

அத்தகைய நிகழ்வொன்று 1949-இல் வெளிவந்தது. பால் ஃபுல்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், காப்பகம் ஒன்றில் படுத்த படுக்கையாகக் கிடந்த 18 வயது இளைஞர் ஒருவருடன் நடத்திய சோதனையை ஓர் ஆய்விதழில் மிகச் சுருக்கமாகப் பதிவு செய்தார். அந்த இளைஞர் பிறந்தது முதல் எதையுமே கற்றதில்லை, கற்கப் போவதுமில்லை என்பது அங்கிருந்த மருத்துவர்களின் முடிவு. ஃபுல்லர் செய்தது எளிய செயல்: இளைஞரின் வலக்கை சிறிதளவு அசைந்தபோதெல்லாம் சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான பாலைச் சிறு குழலால் அவர் வாயில் இட்டார், பின்னர் கை இன்னும் சற்று உயர்ந்தபோது மட்டும் இட்டார், சில அமர்வுகளுக்குள் அந்த இளைஞர் தம் கையை நேராக மேலே உயர்த்தத் தொடங்கினார். கையை உயர்த்துவதால் அவருக்கு வாழ்வில் பயனேதும் விளைந்துவிடவில்லை. ஃபுல்லரின் கட்டுரை அவரை ‘தாவர நிலையில் உள்ள உயிர்’ என்று குறிப்பிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும், தாம் செய்வதற்கும் அதன்பின் நிகழ்வதற்கும் உள்ள தொடர்பைப் பதினெட்டு ஆண்டுகளில் முதன்முறையாக உணரும் வாய்ப்பு ஒருவருக்குத் தரப்பட்டபோது அவர் அதை உணர்ந்துகொண்டார் என்ற செய்தி, காப்பகங்களின் அடிப்படை நம்பிக்கையையே அசைத்தது.

ஃபுல்லர் பயன்படுத்திய முறை, விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த பி. எஃப். ஸ்கின்னரின் ஆய்வகத்திலிருந்து வந்தது. விரும்பிய செயலைத் தொடர்ந்து விருப்பமான ஒன்று கிடைத்தால் அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பு மிகுவதை ‘வலுவூட்டல்’ என்றும், இலக்கை நெருங்கி வரும் ஒவ்வொரு சிறு முயற்சிக்கும் வலுவூட்டி இறுதிச் செயலுக்குக் கொண்டுசேர்ப்பதை ‘படிப்படியாக வடிவமைத்தல்’ என்றும் கூறுவர். இதனோடு மற்றொரு ஓடையும் வந்து கலந்தது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க வான்படை தன் பணியாளர்களுக்குச் சிக்கலான கருவிகளை இயக்கக் கற்பிக்க முற்பட்டபோது, ராபர்ட் மில்லர் போன்றோர் ஒரு வேலையை அதன் உறுப்புச் செயல்களாகப் பிரித்து எழுதும் முறையை உருவாக்கினர். ‘செயல் பகுப்பாய்வு’ என்று இன்று சிறப்பாசிரியர்கள் நாள்தோறும் வழங்கும் சொல்லின் பிறப்பிடம் இதுவே. போர் விமானத்தின் கருவிகளுக்காக வகுக்கப்பட்ட ஒழுங்கு, பத்துப் பதினைந்து ஆண்டுகளில், ஒரு சிறுமி தன் கால்சட்டையைத் தானே அணிந்துகொள்வதற்கான வழியாக மாறியது.

அந்த மாற்றம் எவ்வாறு செயல்பட்டது என்பதைச் சற்று நெருங்கிக் காண்பது தகும். கால்சட்டை அணிவது பெரியவர்களின் கண்ணுக்கு ஒரே செயல். பகுத்துப் பார்த்தால், முன்பக்கம் எது என்று அறிந்து அதை விரித்துப் பிடிப்பது, உட்கார்வது, ஒரு காலை நுழைப்பது, மறுகாலை நுழைப்பது, முழங்கால் வரை இழுப்பது, எழுந்து நிற்பது, இடுப்பு வரை ஏற்றுவது எனக் குறைந்தது ஏழு செயல்கள் அதில் அடங்கியுள்ளன. முதல் செயலிலிருந்து கற்பிக்கத் தொடங்கினால், விரித்துப் பிடிக்கத் தெரியாத குழந்தை தொடக்கத்திலேயே தோற்று, வேலை முடிந்த நிறைவை என்றுமே காணாமல் போகிறது. ஆகவே இறுதியிலிருந்து தொடங்கும் ‘பின்னோக்குச் சங்கிலி’ முறை கையாளப்பட்டது: முதல் ஆறு செயல்களையும் ஆசிரியரே குழந்தைக்குச் செய்துவிட்டு, தொடைக்கு மேல் நிற்கும் கால்சட்டையை இடுப்புக்கு ஏற்றும் கடைசி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விடுகிறார், அது கைவந்தபின் முழங்காலிலிருந்து, அதன்பின் கணுக்காலிலிருந்து என்று குழந்தையின் பங்கு பின்னோக்கி நீள்கிறது. இம்முறையில் குழந்தை எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் வேலை முடிவதிலேயே நிறைவடைகிறது. தோல்வியைத் தவிர வேறெதையும் அறியாத குழந்தைகளின் நிலையிலிருந்து சிந்தித்தவர்களுக்கே இந்தத் தலைகீழ் வரிசை தோன்றியிருக்க முடியும்.

உண்பதைக் கற்பித்ததிலும் இத்தகைய கூர்மை காணப்படுகிறது. நாதன் அஸ்ரினும் ஆர்ம்ஸ்டிராங்கும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு மூன்று வேளை உணவு என்ற காப்பக வழக்கத்தை விட்டு, அதே உணவைப் பல சிறு பகுதிகளாக நாள் முழுவதும் பிரித்துக் கொடுத்தனர். மூன்று வேளை என்பது நாளுக்கு மூன்றே பாடவேளைகள் ஆகும். அவற்றிலும் வயிறு நிரம்பிய பிற்பாதியில் கற்கும் நாட்டம் தளர்ந்துவிடும். சிறு உணவுகளாகப் பிரித்தபோது, பசியோடும் புதிய ஊக்கத்தோடும் ஸ்பூனைப் பிடிக்கும் வாய்ப்புகள் பெருகின. பயிற்றுநர் தம் கையைக் கற்பவரின் கைமேல் வைத்து ஸ்பூனை வாய்வரை கொண்டுசென்று, பின் பிடியைத் தளர்த்தி, மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நகர்ந்து, இறுதியில் விலகிக்கொள்வார். தேவையான அளவு மட்டும் உதவி, அதுவும் நாளடைவில் குறைந்து மறையும் உதவி என்ற இந்தக் கொள்கை ‘படிப்படியான வழிகாட்டல்’ எனப்பட்டது. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் அஸ்ரினும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் கடும் குறைபாடுடைய ஒன்பது பெரியவர்களுக்குக் கழிப்பறைப் பயிற்சி அளித்து, இடைநிலை அளவாக நான்கே நாட்களில், ஆடையில் கழிக்கும் நிகழ்வுகளை ஏறத்தாழ 90 விழுக்காடு குறைத்துக் காட்டியிருந்தனர்.

அந்தக் கழிப்பறைப் பயிற்சியில் பாராட்டும் தின்பண்டமும் மட்டும் இருக்கவில்லை. ஆடையை நனைத்தவர் கண்டிக்கப்பட்டதும், ஈர ஆடையையும் தரையையும் அவரே சுத்தம் செய்ய வைக்கப்பட்டதும் அதே ஆய்வில் பதிவாகியுள்ளன. அக்கால நடத்தையியலாளர்களில் சிலர் இதனினும் கொடிய தண்டனைகளையும் ‘சிகிச்சை’ என்ற பெயரால் கையாண்டனர். கற்பவர் தம் விருப்பத்தைச் சொல்ல இயலாதவராக இருக்கும்போது, பயன் தருகிறது என்பதே ஒரு முறையை நியாயப்படுத்திவிடாது. இந்த எல்லையை உணராமல் போனது அந்தத் தலைமுறையின் பெரும் பிழை.

இங்கிலாந்தில் பாதை வேறாக அமைந்தது. 1950-களில் கிளார்க், ஹெர்மெலின் ஆகியோர், ‘மூடர்’ என்று சட்டம் வகைப்படுத்தியிருந்த பெரியவர்கள் வண்ணக் கம்பிகளைத் தொலைக்காட்சிச் செருகிகளில் பற்றவைக்கும் நுண்ணிய வேலையைக் கற்றுச் செய்ததைப் பதிவு செய்தனர். ஜாக் டைசார்டு, லண்டனின் ஃபவுண்டன் மருத்துவமனையிலிருந்து 16 குழந்தைகளை சர்ரே பகுதியின் புரூக்லண்ட்ஸ் இல்லத்துக்கு 1958-இல் மாற்றி, மழலையர் பள்ளியின் முறையில் சிறு குழுக்களாக, விளையாட்டும் பேச்சும் நிறைந்த சூழலில் வளர்த்தார். இரண்டு ஆண்டுகளில் அவர்களின் மொழிசார் மனவயது சராசரியாக 14 மாதங்கள் உயர்ந்தது. மருத்துவமனையிலேயே தங்கிவிட்ட ஒப்பீட்டுக் குழுவினருக்கு அந்த உயர்வு 6 மாதங்களே. இத்தகைய சான்றுகளும் பெற்றோர் சங்கங்களின் இடையறாத முயற்சியும் சேர்ந்து 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தன. 1971 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தபோது, கல்வித் துறைக்கு வெளியே எந்தக் குழந்தையும் இல்லை என்ற நிலை இங்கிலாந்தில் ஏற்பட்டது.

அமெரிக்காவில் வேலைத்திறன் பற்றிய எண்ணத்தை மாற்றியவர் மார்க் கோல்டு. பாதுகாக்கப்பட்ட பணிமனைகள் என்று அழைக்கப்பட்ட இடங்களில், அறிவுசார் குறைபாடுடையோர் உறைகளை அடுக்குவது, பொருள்களை எண்ணிப் பையில் இடுவது போன்ற எளிய வேலைகளைச் சொற்பக் கூலிக்கு ஆண்டுக்கணக்கில் செய்துகொண்டிருந்தனர். அவர்களால் முடிந்தது அவ்வளவே என்று அனைவரும் நம்பினர். கோல்டு அவர்களுக்கு முன் வைத்தது மிதிவண்டியின் பின்சக்கரத் தடை, அதாவது பெடலைப் பின்னோக்கி மிதித்தால் சக்கரத்தை நிறுத்தும் உள்ளமைவு. முதலில் 15 உறுப்புகள் கொண்ட தடை, அதன்பின் முற்றிலும் வேறான 24 உறுப்புகள் கொண்ட தடை. 1972-இல் வெளிவந்த ஆய்வில் 64 பேர் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு, ஒவ்வோர் உறுப்பிலும் பொருத்தும்போது தம்மை நோக்கியிருக்க வேண்டிய பக்கத்தில் மட்டும் வண்ணம் பூசித் தரப்பட்டது, மற்றவர்களுக்கு வெறும் உலோகமே தரப்பட்டது. வண்ணம் பெற்றவர்கள் விரைவில் கற்றனர். அந்தச் சிறு வண்ணப்பூச்சு ஒரு பெரிய செய்தியைத் தாங்கியிருந்தது: எந்தப் பக்கம் முன்னால் வர வேண்டும் என்று கண்டறிவதே கற்பவருக்குச் சிக்கலாக இருந்தது, அந்தச் சிக்கலை ஆசிரியர் தீர்த்துக் கொடுத்தபோது கை தடையின்றி இயங்கியது.

பயிற்சியின்போது கோல்டு ஏறத்தாழ பேசவே இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. சரியாகச் செய்தால் மௌனம், தவறினால் வேறு விதமாக முயன்று பாருங்கள் என்ற பொருள்படும் சிறு சொற்றொடர், அவ்வளவே. பிற்காலத்தில் அச்சொற்றொடரே அவருடைய பயிற்சித் திட்டத்தின் பெயராயிற்று. மிகையான பாராட்டு கற்பவரைக் குழந்தையாக்குகிறது என்றும், மௌனமே அவரைத் திறனுள்ள மனிதராக நடத்துகிறது என்றும் அவர் கருதினார். கற்பவர் கற்கவில்லையெனில் குறை கற்பித்த முறையில்தான் இருக்கிறது, ஆகவே பகுப்பை மாற்று, படிகளை இன்னும் சிறிதாக்கு என்ற அவருடைய நிலைப்பாடு, நுண்ணறிவு ஈவுக்கு ஒரு நூற்றாண்டில் முன்வைக்கப்பட்ட மிக வலிமையான மறுப்புகளுள் ஒன்று.

இப்பின்னணியில்தான் பென்சில்வேனியா வழக்கு வருகிறது. ஃபிலடெல்ஃபியா அருகே 1908 முதல் இயங்கிய பென்ஹர்ஸ்ட் காப்பகத்தின் அவலத்தை 1968-இல் பில் பால்டினி என்ற செய்தியாளர் தொலைக்காட்சியில் வெளிக்கொணர்ந்தார். கொதித்தெழுந்த பெற்றோர் சங்கம் வழக்கறிஞர் தாமஸ் கில்ஹூலை நாடியது. காப்பகத்தின் நிலைமையை எதிர்த்து வழக்காடுவதே இயல்பான வழியாகத் தோன்றியிருக்கும். ஆனால் கில்ஹூல் அதற்கும் முந்திய வாயிலைத் தேர்ந்தெடுத்தார். பள்ளி ஏற்றுக்கொண்டிருந்தால் எத்தனையோ குழந்தைகள் காப்பகத்துக்குச் சென்றிருக்கவே மாட்டார்கள் என்பதால், கல்வி மறுப்பை எதிர்த்து 1971 ஜனவரியில் வழக்குத் தொடுக்கப்பட்டது. ஆகஸ்டில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வின் முன் வல்லுநர்கள் சாட்சியம் அளித்தபோது, கல்வி என்பது தம் சூழலில் வாழவும் இயங்கவும் ஒருவர் தொடர்ந்து கற்றுக்கொள்ளும் செயல் என்றும், ஆகவே தாமே உடுத்தவும் உண்ணவும் கற்பதும் கல்வியின் முறையான பயனே என்றும் வாதிட்டனர். ஆய்வாளர்களின் உலகுக்குள் மட்டும் கிடந்த ஸ்பூனும் கால்சட்டையும் அன்று நீதிமன்றத்தில் சான்றுப் பொருள்களாயின.

மாநில அரசு எதிர்த்து நிற்கவில்லை. இரு தரப்பும் இணங்கிய ஒப்பந்தத்தை 1971 அக்டோபர் 7 அன்று நீதிமன்றம் ஆணையாக்கியது, 1972 மே மாதம் அது இறுதிவடிவம் பெற்றது. அறிவுசார் குறைபாடுடைய எல்லோரும் கல்வியாலும் பயிற்சியாலும் பயன்பெற வல்லவர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தற்சார்பை அடைய வல்லவர்கள், எஞ்சிய சிலரும் தம்மைத் தாமே ஓரளவு பேணிக்கொள்ள வல்லவர்கள் என்ற கருத்து அந்த ஆணையில் இடம்பெற்றது. விலக்கப்பட்ட குழந்தைகளை மாநிலமே தேடிக் கண்டுபிடித்து 1972 செப்டம்பருக்குள் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும், ஒரு குழந்தையின் வகுப்பை மாற்றும் முன் பெற்றோருக்கு அறிவித்து அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அதுவரை பள்ளியின் வாசலில் கெஞ்சி நின்ற தாய், இனி தன்னைத் தேடி வரும் பள்ளியிடம் கேள்வி கேட்கும் உரிமை பெற்றவரானார்.

1975 நவம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஃபோர்டு கையொப்பமிட்ட 94-142 எனும் கூட்டரசுச் சட்டம், இவ்வுரிமையை நாடு முழுவதற்கும் விரித்தது. குறைபாடுடைய குழந்தைகள் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்ற கல்வி கிடைக்கவில்லை என்றும், 10 இலட்சம் பேர் பள்ளியிலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டுள்ளனர் என்றும் சட்டத்தின் முகப்பிலேயே நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே இலக்கு வகுக்கும் ‘தனிநபர் கல்வித் திட்டம்’ இச்சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. பென்ஹர்ஸ்ட் காப்பகம் மேலும் நீண்ட வழக்குகளுக்குப் பின் 1987-இல் மூடப்பட்டது.

கதவு திறந்தபின் எழுந்த கேள்வி, உள்ளே வந்தவர்களுக்கு எதைக் கற்பிப்பது என்பதாகும். மனவயதை அடிப்படையாகக் கொண்ட பள்ளிகள், மனவயது மூன்று என்று கணிக்கப்பட்ட பதினெட்டு வயது இளைஞருக்கு மூன்று வயதுக் குழந்தையின் பாடங்களையே வைத்தன. துளைப்பலகையில் முளைகளைச் செருகவும், வளையங்களை அடுக்கவும், மணிகளைக் கோக்கவும் அவர் ஆண்டுகளைக் கழித்துவிட்டு, பள்ளி முடியும் நாளில் சாலையைக் கடக்கத் தெரியாதவராக வெளியேறினார். விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் நகரில் பணியாற்றிய லூ பிரவுனும் அவருடைய குழுவினரும் 1976-இலும் 1979-இலும் வெளியிட்ட கட்டுரைகளில் இவ்வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தனர். வீடு, ஓய்வுநேரம், பொதுஇடம், தொழில் என்ற நான்கு களங்களில், ஒருவர் பெரியவராகி வாழப்போகும் உண்மையான இடங்களை முதலில் பட்டியலிட்டு, அங்கே தேவைப்படும் செயல்களை அவருடைய உண்மையான வயதுக்கு ஏற்ற பொருள்களைக் கொண்டு, அந்தந்த இடத்திலேயே கற்பிக்க வேண்டும் என்றனர். ஒரு செயலை மாணவர் கற்காவிட்டால், அவருக்காக அதை வேறொருவர் செய்ய நேருமா என்பது அவர்கள் வைத்த உரைகல். முளை செருகுவதை ஒருவர் விட்டுவிட்டால் அவருக்காக அதைச் செய்ய எவரும் வரப்போவதில்லை. கடையில் பால் வாங்குவதை அவர் விட்டுவிட்டால் ஒருவர் போயாக வேண்டும். பேருந்தில் தனியே செல்ல விடுவதில் உள்ள ஆபத்தைச் சுட்டியவர்களுக்கு, ராபர்ட் பெர்ஸ்கி 1972-இலேயே பதில் அளித்திருந்தார்: எல்லா மனிதரும் அன்றாடம் ஏற்கும் இடர்களை ஏற்கவிடாமல் காப்பது, காக்கப்படுபவரின் மதிப்பைக் குறைப்பதாகும்.

இதே 1970-களில் சென்னையிலும் ஒரு கருவி உருவாகிக்கொண்டிருந்தது. பி. ஜெயச்சந்திரனும் விமலாவும் வகுத்த ‘மெட்ராஸ் வளர்ச்சித் திட்டமிடல் முறை’, நுண்ணறிவு ஈவைக் கணிக்க முயலாமல், குழந்தை செய்யும் செயல்களைக் கண்ணால் கண்டு குறிக்கும் 360 கூற்றுகளால் ஆனது. அவை 18 களங்களாக, களத்துக்கு 20 வீதம், எளிதிலிருந்து அரிது என்ற வளர்ச்சி வரிசையில் அமைந்துள்ளன. குழந்தையால் முடியாததைச் சொல்லாமல், செய்வதைச் சொல்லும் வகையில் கூற்றுகள் ஆக்கப்பட்டிருக்கின்றன. ஆசிரியர் ஒவ்வொன்றையும் செய்கிறார், செய்வதில்லை என்ற இரண்டில் ஒன்றாகக் குறித்து, செய்வதற்கு அடுத்து நிற்கும் படியைப் பாடமாக எடுத்துக்கொள்கிறார். வளர்ச்சி வரிசையை விடாமல் பிடித்திருப்பதால் பிரவுனின் வாதத்திலிருந்து இது வேறுபடுகிறது. ஆனால் களங்களின் பட்டியலைப் பார்த்தால் இரண்டும் ஒரே காலத்தின் குரல்கள் என்பது விளங்கும். உடல் இயக்கத்தில் தொடங்கும் அப்பட்டியலில் உண்ணல், உடுத்தல், தன்னைத் தூய்மையாக வைத்துக்கொள்ளல், கழிப்பறைப் பழக்கம் ஆகியவை முன்னே வருகின்றன. மொழியும் பிறரோடு பழகுதலும் அவற்றைத் தொடர்கின்றன. படித்தல், எழுதுதல், எண் ஆகிய மூன்றும் அவற்றுக்குப் பின்னரே வந்து, காலத்துக்கும் பணத்துக்கும் வீட்டுவேலைக்கும் பக்கத்தில், ஒவ்வொன்றும் அதே இருபது கூற்றுகளோடு அமர்ந்திருக்கின்றன.